டெல்லி கணேஷைப் பற்றி எங்கள் குடும்பக் குழுவில்

பெரியப்பா: டிவியில் ‘சிந்து பைரவி’ ஓடுகிறது. மிருதங்கக்காரராக வரும் டெல்லி கணேஷைப் பாருங்கள், பிள்ளைகளா.

தம்பி: ‘மைக்கேல் மதன காமராஜன்’ பாலக்காட்டு மணி ஐயர்தானே பெரியப்பா? காமெடி நடிகர் என்றல்லவா நினைத்தேன்!

பெரியப்பா: அப்படிச் சுருக்கிவிடாதே, தம்பி. இதில் குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வருவார். சிவகுமார் அவரைத் துரத்திவிட்டு மிருதங்கம் இல்லாமலே பாடுவார். அப்புறம் சிவகுமாரே குடிக்கு அடிமையாகும்போது இவர் முகத்தைப் பார். பாவமும் பயமும் சேர்ந்து தெரியும்.

அத்தை: நம்ம வல்லநாட்டுக்காரர்!

சித்தப்பா: ஆமாம் அக்கா. 1964லிருந்து பத்து வருடம் விமானப் படையில் இருந்தார். டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நடித்துப் பழகியவர். ‘பட்டினப் பிரவேசம்’ படத்தில் அறிமுகப்படுத்திய பாலசந்தர்தான் கணேசனை டெல்லி கணேஷ் ஆக்கினார்.

அக்கா: மணி ஐயராக நடித்தபோது அவருக்கு 46 வயதுதான். மகனாக வரும் கமல் அவரைவிடப் பத்து வயதுதான் இளையவர். ஆனாலும் அப்பா இல்லை என்று ஒரு இடத்திலும் தோன்றாது. அதுக்கு முந்தைய வருடம் ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தில் அதே கமலுக்கு வில்லன்!

தம்பி: ‘நாயகன்’ படத்தில் வேலு நாயக்கருக்கு இந்தியை மொழிபெயர்த்துச் சொல்லும் ஐயரும் இவர்தானா?

அக்கா: இவரேதான். பக்கத்தில் நிற்பவர் நன்றாக நடித்தால்தான் ஹீரோ பெரிய ஆளாகத் தெரிவார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

பெரியப்பா: என்னைக் கேட்டால் ‘பசி’தான் முதலிடம். 1979. ஷோபாவுக்கு அப்பா, ரிக்‌ஷாக்காரர். அதுக்கு மாநில அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. மணி ஐயரின் சாயல் துளிகூட இருக்காது. பேச்சு, நடை எல்லாமே வேறு.

அத்தை: ஆச்சிக்கு அவர் ‘கஸ்தூரி’ சீரியல்காரர்தான். அந்த நேரத்தில் யாரும் சத்தம் போடக் கூடாது.

தம்பி: சீரியலிலுமா?

அக்கா: ‘மர்மதேச’த்திலும் வருவார். சினிமாவில் 400 படத்துக்கு மேல் நடித்தவர், சின்னத்திரை என்று குறைத்து நினைக்கவில்லை. எனக்கு அவரிடம் அதுதான் ரொம்பப் பிடிக்கும்.

சித்தப்பா: 2024 நவம்பரில் இறந்தபோது விமானப் படையினர் வந்து மரியாதை செலுத்தினார்கள். பணியை விட்டு ஐம்பது வருடம் ஆகியிருந்தது. டிவியில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தம்பி: சரி பெரியப்பா, பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது ‘பசி’ பார்க்கலாமா?

பெரியப்பா: தாராளமாக. ஆச்சியையும் கூட உட்கார வைப்போம்.