ரபி அகிவா நாற்பது வயதில்தான் எழுத்தே கற்றாரா?

கேள்வி:
பழங்கால யூத மத ஆசிரியர் (ரபி) அகிவா நாற்பது வயது வரை ஆடு மேய்த்தவர், எழுத்துகூடத் தெரியாது என்கிறார்கள். நிஜமா, பின்னால் சேர்த்த புகழ்ச்சியா?

பதில் 1:
மரபுக் கதைதான், ஆனால் அருமையான கதை. கிணற்றங்கரையில் கல் ஒன்று குழிந்திருப்பதைப் பார்த்து யார் குடைந்தது என்று கேட்டாராம், தினமும் விழுகிற தண்ணீர்தான் என்றார்கள், மெத்தென்ற தண்ணீர் கல்லையே குடையும்போது தோரா (யூதர்களின் வேதம்) என் நெஞ்சுக்குள் இறங்காதா என்று யோசித்து, நேரே மகனோடு ஆசிரியரிடம் போய்விட்டார். எழுத்துப் பலகையின் ஒரு முனையை இவர் பிடிக்க, மறுமுனையை மகன் பிடித்தானாம்!

பதில் 2:
மனைவியை விட்டுவிட்டீர்களே. படிக்க அனுப்பியதே அவர்தான், அதற்காகப் பணக்கார அப்பாவின் சொத்தையே இழந்தவர். வருடங்கள் கழித்து மாணவர் கூட்டத்தோடு திரும்பியபோது, கற்ற கல்வியைப் பற்றி அகிவா மாணவர்களிடம் சொன்னது: “என்னுடையதும் உங்களுடையதும் இவளுடையதே.”

பதில் 3:
அவரும் சறுக்கியிருக்கிறார். ரோமானியருக்கு எதிராக கி.பி. 132இல் கிளம்பிய யூதக் கலகத் தலைவர் பார் கோக்பாவை மேசியா, அதாவது தாவீது அரசரின் வழியில் வரவேண்டிய மீட்பர் என்றே நம்பினார். “அகிவா, உன் கன்னத்தில் புல் முளைத்தாலும் தாவீதின் மகன் வந்திருக்க மாட்டான்” என்று இன்னொரு ரபி முகத்துக்கு நேரே சொன்னார். 135இல் கலகம் நசுக்கப்பட்டது. அகிவாவையும் ரோமானியர்கள் சித்திரவதை செய்து கொன்றார்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி, அந்தப் பலகைக் காட்சி ஒன்றே போதும், நன்றி. அப்புறம், அந்த மகன் என்ன ஆனான்?