ஏடிஎச்டி உள்ள கைதிக்கு முதலில் மாத்திரையா, வகுப்பா?

மலர்விழி:
ஸ்வீடனில் 2012இல் வந்த ஆய்வைப் பார்த்தீர்களா? ஏடிஎச்டி (கவனம் ஓரிடத்தில் நிற்காத, துறுதுறுவென இருக்கச் செய்யும் குறைபாடு) உள்ள 25,656 பேரின் மருந்துப் பதிவையும் குற்றப் பதிவையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். மாத்திரை எடுத்த காலத்தில் குற்றம் ஆண்களிடம் 32%, பெண்களிடம் 41% குறைவு. சிறையில் நடக்கும் சீர்திருத்த வகுப்பில் வட்டமாக உட்கார்ந்து, கோபம் வந்தபோது என்ன நினைத்தாய், என்ன செய்தாய் என்று தாளில் எழுதச் சொல்வார்கள். பத்து நிமிஷம் ஓரிடத்தில் இருக்க முடியாதவனுக்கு அது எப்படி மண்டையில் ஏறும்? கடைசியில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது அந்த ஒரு வரியில்தான்.

தணிகாசலம்:
மேடம், மாத்திரையை ஒழுங்கா போடுற காலம்னா வீடு, வேலை, பார்த்துக்க ஆள் எல்லாம் ஓரளவு சரியா இருக்குற காலமாவும் இருக்குமே. குற்றம் எதனால குறைஞ்சதுன்னு எப்படிப் பிரிப்பீங்க?

மலர்விழி:
ஒரே ஆளின் மருந்து எடுத்த காலத்தையும் எடுக்காத காலத்தையும்தான் ஒப்பிட்டார்கள் சார். மனச்சோர்வு மாத்திரைக்கும் இதே கணக்கைப் போட்டார்கள், அதில் குறையவில்லை. நீங்கள் சொல்வதுதான் காரணம் என்றால் அங்கேயும் குறைந்திருக்க வேண்டும்.

பரிதி:
பதிவேட்டுக் கணக்கு வேறு, சிறைக்குள் கொடுத்துப் பார்ப்பது வேறு. லண்டனிலும் ஸ்காட்லாந்திலும் சிறையிலிருந்த 16 முதல் 25 வயது இளைஞர்கள் 200 பேரில் பாதிப்பேருக்கு மீத்தைல்பெனிடேட் என்ற ஏடிஎச்டி மருந்து, மீதிப்பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. 8 வாரம் கழித்து ஏடிஎச்டி அறிகுறியில் வித்தியாசம் இல்லை, நடத்தையிலும் இல்லை. முடிவு 2022இல் வந்தது. இன்னொன்று, சிறையில் இந்த மாத்திரையை விழுங்காமல் ஒளித்துவைத்து மற்ற கைதிகளுக்கு விற்பதும் உண்டு. விழுங்கினானா என்று நர்ஸ் வாயைத் திறக்கச் சொல்லி நாக்கடியில் பார்க்க வேண்டும். நசுக்க முடியாத, மெதுவாகக் கரையும் வகையைத் தேர்ந்தெடுப்பதற்கும் அது ஒரு காரணம்.

தணிகாசலம்:
இதைத்தான் சொல்ல வந்தேன். அந்த வயசுப் பசங்க பாதிப்பேருக்கு மேல தலையில அடிபட்டவங்கன்னு இங்கிலாந்து ஆய்வுகளே சொல்லுது. அடி, போதை, சின்ன வயசுல பட்ட கொடுமை எல்லாம் கலந்து கிடக்கு. அதுல ஒண்ணுக்கு மட்டும் மாத்திரை கொடுத்தா? நாளைக்கு 'இவன் மூளையே இப்படி, திருந்த மாட்டான்'னு பரோலை மறுக்கவும் இதையே காட்டுவாங்க. என் பயம் அது.

மலர்விழி:
அந்தப் பயம் நியாயமானது. ஆனால் ஸ்டாக்ஹோம் பக்கத்தில் நோர்டேலியே சிறையில் 30 ஆண்களுக்கு இதே மருந்து நன்றாகவே வேலை செய்தது. அவர்கள் வயதில் மூத்தவர்கள், நீண்ட தண்டனைக்காரர்கள். எண்ணிக்கை சிறியதுதான், ஒப்புக்கொள்கிறேன். யாருக்கு எது கேட்கும் என்று முன்கூட்டியே சோதிக்க வேண்டும் என்றுதான் நான் சொல்கிறேன். தலையில் அடிபட்டவனுக்கு வகுப்பைச் சிறு சிறு துண்டாக்கி, படம் போட்டு, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் ஒரே தாளை நீட்டுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

பரிதி:
விடுதலையானவர்களைப் பற்றி 2016இல் வந்த ஸ்வீடன் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 22,275 பேர். இந்த வகை மருந்து எடுத்த காலத்தில் வன்முறைக் குற்றம் 38% குறைவு.

தணிகாசலம்:
சரி, வெளியே வந்த மறுநாள் அந்த மாத்திரையை யார் எழுதிக் கொடுப்பா? விடுதலைச் சீட்டோட டாக்டர் தேதியும் கையில இருக்கணும். அதுக்கு வழி பண்ணுங்க, நானும் உங்க பக்கம் வர்றேன்.