பாம்பன் பாலத்தை அடைச்சா யார் வெளியே நிப்பாங்க? ஜாம்பி கதை பத்தி ஒரு கேள்வி

தங்கச்சிமடம் தம்பி:
வணக்கம். ராமேஸ்வரம் தீவை வச்சு ஒரு ஜாம்பி நாவல் எழுதிட்டு இருக்கேன். பாலத்துக்கு அந்தக் கரையில இருக்கிற மண்டபம் ஊர்ப் பக்கம் நோய் பரவுது. தீவுக்காரங்க பாம்பன் ரோட்டுப் பாலத்துல லாரியைக் குறுக்கே போட்டு அடைச்சிடுறாங்க, தீவு தப்பிச்சிடுது. படிச்ச நண்பர் ஒருத்தர் "ரத்தத்தையும் ஓட்டத்தையும் விட்டா இதுல என்ன இருக்கு?"ன்னு கேட்டுட்டார். ஜாம்பி கதைன்னா சமூக விமர்சனம் இருக்கணும்ங்கிறாங்களே, அதை எங்க வைக்கிறது? ஹீரோ வசனமா வச்சா சரியா இருக்குமா?

கீழக்கரை வாசகன்:
விமர்சனத்தை விடுங்க ப்ரோ, வேகம்தான் முக்கியம். 2016-ல மிருதன் வந்தப்போ தமிழ்ல ஜாம்பி படமான்னுதான் கூட்டம் போச்சு. கருத்து கேக்க யாரும் போகல.

பாம்பன் அக்கா:
தம்பி, வசனமா வைக்காதீங்க. விமர்சனம் அந்த லாரியிலயே இருக்கு, நீங்க ஒரே வரியில தாண்டிப் போறீங்க. அது யாரோட லாரி? குறுக்கே போடச் சொன்னது யாரு? கருவாட்டுக் கூடையோட உச்சிப்புளிக்குப் போன நம்ம ஊர் பொம்பளைங்க அந்த நேரம் திரும்பி வந்துட்டாங்களா, இல்ல பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டாங்களா? அவங்களுக்கு நோய் இல்லன்னு யார் சொல்லணும்?

இந்த வகைக்கே வழி போட்ட அமெரிக்க டைரக்டர் ஜார்ஜ் ரொமேரோவோட 1968 படம் நைட் ஆஃப் தி லிவிங் டெட்டைப் பாருங்க. ராத்திரி முழுக்கப் பிணங்களோட போராடிப் பிழைக்கிறவன் ஒரு கறுப்பின இளைஞன். விடிஞ்சதும் துப்பாக்கியோட வர்ற கூட்டம் அவனையும் பிணம்னு நினைச்சுச் சுட்டுடுது. மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக் கொன்ன அதே வருஷம் வந்த படம். அதுல யாரும் பிரசங்கம் பண்ணல. கீழக்கரைத் தம்பி வேகம் வேணும்ங்கிறார், சரி. 2016-ல வந்த கொரியப் படம் ட்ரெயின் டு பூசான் ரயில் வேகத்துலதான் ஓடுது. ஆனா அதுல நெஞ்சை அடைக்கிற இடம் எது? உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தவங்களை, முன்னாடி பெட்டியில இருக்கிறவங்களே கதவைத் திறக்காம நிக்க வைக்கிற இடம். கடைசியில சுரங்கப்பாதையில சிப்பாய் சுடக் குறி வைக்கிறான். குழந்தை பாடுற சத்தம் கேட்டுத்தான் நிறுத்துறான்.

இன்னும் பின்னாடி போங்க. ஜாம்பிங்கிற பயம் கரீபியன் கடல்ல இருக்கிற ஹைட்டியில பிறந்தது. பிரெஞ்சுக்காரங்களோட கரும்புத் தோட்டத்துல மாடா உழைச்ச ஆப்பிரிக்க அடிமைங்க, செத்தா உசுரு சொந்த மண்ணுக்குத் திரும்பிடும்னு நம்பினாங்க. செத்த பிறகும் எழுப்பி வேலை வாங்குவாங்களோங்கிறதுதான் அவங்களுக்குக் குலைநடுக்கம். 1791-ல கிளர்ந்து எழுந்து 1804-ல தனி நாடானாங்க. ஆளைக் கடிக்கிற பிணமெல்லாம் பிற்பாடு சினிமாவுல வந்தது.

இப்ப நம்ம மண்டபம் கேம்ப்பை நினைச்சுப் பாருங்க. ரயில்ல வந்து தனுஷ்கோடியில இறங்கி கப்பல் ஏறின காலத்துல, சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போற கூலி சனங்களை அங்கதான் நிறுத்தி வச்சாங்க. காலரா, அம்மை இருக்கான்னு பாத்து, ஊசி போட்டு அனுப்பினாங்க. உடம்புல நோய் இருக்கான்னு பாத்தவங்க, அந்த உடம்பு தோட்டத்துல என்ன பாடு படும்னு பாக்கல. 1983-க்கு அப்புறம் அதே இடம் இலங்கையில இருந்து தப்பி வந்தவங்களுக்கு அகதி முகாம். அந்தச் சனத்தோட வாரிசுகளும் அதுல உண்டு. ஹைட்டித் தோட்டத்துக்கும் நம்ம மண்டபத்துக்கும் நடுவுல எத்தனை கடல் இருந்தா என்ன? நோய் மண்டபத்துல ஆரம்பிக்குதுன்னு எழுதியிருக்கீங்க. அந்த இடத்துக்கு இவ்வளவு கதை இருக்குன்னு தெரிஞ்சு எழுதுங்க.

2022-ல இலங்கையில சோத்துக்கு வழியில்லாம போனப்போ, படகுக்காரங்க ராத்திரியில சனங்களை தனுஷ்கோடிக் கடைசியில இருக்கிற அரிச்சல்முனைக்கு அப்பால மணல் திட்டுல இறக்கி விட்டுட்டுப் போயிடுவாங்க. கைக்குழந்தையோட, சுத்தியும் தண்ணி, கடலோரக் காவல்படை வர்ற வரைக்கும் நிப்பாங்க. இருட்டுல தூரத்துல இருந்து பாத்தா அது மனுசங்களா, என்னன்னு தெரியாது. உங்க கதையில கரையில நிக்கிறவன் என்ன பண்ணப்போறான்?

தங்கச்சிமடம் தம்பி:
அக்கா, லாரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆளை வச்சே கதையைத் திரும்ப ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். ஆனா பாலம் இல்லாம அவ தீவுக்குள்ள வர்றது எப்படி? படகு வச்சா ரொம்ப சுலபமா போயிடுமே?

பாம்பன் அக்கா:
சுலபமாகாது. கதையை ஏப்ரல் 15-க்கு அப்புறம் வைங்க. விசைப்படகுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பாதிப் படகு மராமத்துக்காகக் கரையில ஏறியிருக்கும், எஞ்சினைப் பிரிச்சுப் போட்டிருப்பாங்க. கடல்ல போறது நாட்டுப்படகு மட்டும்தான். மத்த நாள்ல தன் வலையை விசைப்படகுக்காரன் அறுத்துட்டுப் போனான்னு புலம்பினவன் கையில இப்ப எல்லாரோட உசுரும். விசைப்படகு முதலாளி வந்து அவன் படகுல இடம் கேப்பார். கொடுப்பானா?

இன்னொண்ணு, கடல்பாசி எடுக்கிற பொம்பளைங்களை மறந்துடாதீங்க. விரலுக்குத் துணி சுத்தி, கண்ணாடி மாட்டிக்கிட்டு, பாறைக்கு நடுவுல முங்கி எழுறவங்க. எங்க கால் எட்டும், எங்க நீரோட்டம் இழுக்கும்னு அவங்களுக்கு அத்துப்படி. உங்க ஆள் அவங்கள்ல ஒருத்தியா இருக்கட்டும். படகுத்துறைக் காட்சியை முதல்ல எழுதி இங்க போடுங்க, படிச்சுட்டுச் சொல்றேன்.