சர்வீஸ் பட்டியலில் எவை உண்மையிலேயே தேவை?

அனைவருக்கும் வணக்கம். 60,000 கிலோமீட்டர் ஓடிய என் பெட்ரோல் காரை இன்ஜின் ஆயில் மாற்றுவதற்காக மட்டுமே விட்டிருந்தேன். திரும்ப எடுக்கச் சென்றபோது, இன்ஜின் ஃபிளஷ் (இன்ஜினின் உள்ளே படிந்த கசடை ரசாயனம் ஊற்றிக் கழுவுவது), இன்ஜெக்டர் (பெட்ரோலை இன்ஜினுக்குள் பீய்ச்சும் பாகம்) கிளீனிங், த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் பாகம்) கிளீனிங், பிரேக் ஆயில், ஏர் ஃபில்டர் என நீண்ட பட்டியலைக் கையில் கொடுத்து, எல்லாவற்றையும் உடனே செய்தாக வேண்டும் என்றார்கள்.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால் அதன் கொதிநிலை குறைந்துவிடும் என்பதும், பொதுவாக 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்வார்கள் என்பதும் தெரியும். மாற்றி 3 ஆண்டுகள் ஆகிவிட்டதால் அதற்கு மட்டும் சம்மதித்தேன். ஏர் ஃபில்டரைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். மடிப்புகளில் லேசான தூசுதான், தட்டியதும் உதிர்ந்துவிட்டது. அதையும் மாற்றியே தீர வேண்டும் என்று வற்புறுத்தியபோதுதான் மற்றவற்றின் மீதும் ஐயம் எழுந்தது. வண்டியின் கையேட்டிலுள்ள பராமரிப்பு அட்டவணையைப் புரட்டினால், இன்ஜின் ஃபிளஷ் என்ற பேச்சே இல்லை.

ஆயிலை உரிய காலத்தில் மாற்றிவந்த இன்ஜினுக்கு ஃபிளஷ் தேவையா? ஐடிலிங்கில் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் நிலையில்) நடுக்கமோ மைலேஜில் குறைவோ இல்லாதபோது இன்ஜெக்டரையும் த்ராட்டில் பாடியையும் சுத்தம் செய்வதால் பயன் உண்டா? முன்சக்கர பிரேக் பேடில் 4 மில்லிமீட்டர் மீதமிருப்பதாகக் குறித்திருக்கிறார்கள். அதை இப்போதே மாற்றுவதா, அடுத்த சர்வீஸ் வரை பொறுப்பதா? மெக்கானிக் வேலையில் அனுபவமுள்ளவர்கள் காரணத்தோடு விளக்கினால் நன்றியுடையவனாவேன்.