மேக்னட்டோவைக் குடல் உருவிய எம்20 எப்படி ஸ்டாக் வண்டி ஆகும்?

பாளை கிக்கர்
அம்பை கியர்பாக்ஸ் தன்னுடைய 1942 பி.எஸ்.ஏ. எம்20 பட்டாள மோட்டார் சைக்கிள் படத்தைப் போட்டு, "நூறு சதவீதம் ஸ்டாக், பர்மிங்காம் ஃபேக்டரியில் இருந்து இறங்கினபடியே இருக்கு" என்று எழுதியிருந்தார். ஆளாளுக்கு ஹார்ட்டின் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பதிவின் கடைசி வரியை ஒருத்தராவது படித்தீர்களா? "மேக்னட்டோ கூட்டுக்குள் எலெக்ட்ரானிக் யூனிட், டூல் பாக்ஸில் சின்ன 12 வோல்ட் பேட்டரி, வெளியே தெரியாது." வெளியே தெரியாதாம்! ஸ்டாக் என்று சொல்லிவிட்டு எதை ஒளிக்கிறீர்?

லூகாஸ் மேக்டைனோ என்பது கீழே மேக்னட்டோ, அதன் முதுகில் பட்டை போட்டுக் கட்டிய டைனமோ. டைனமோவுக்கு லைட்டு, ஹாரன் வேலை. ஸ்பார்க்கை மேக்னட்டோ தானே உண்டாக்கிக்கொள்ளும், பேட்டரி செத்தாலும் ஓடும், பேட்டரியே இல்லாவிட்டாலும் ஓடும். போர்முனையில் தபால் கொண்டுபோனவன் பேட்டரிக்கு எங்கே போவான்? எம்20-இன் உயிரே அதுதான். அதை எடுத்துவிட்டு 12 வோல்ட்டு வைத்திருக்கிறார்.

சரி, ஒரே ஒரு கேள்வி. ஹேண்டில்பாரில் ஸ்பார்க்கை முன்னே பின்னே தள்ளுகிற அட்வான்ஸ், ரிட்டார்ட் லீவர் பளபளவென்று இருக்கிறதே, அதன் கேபிள் இப்போது எங்கே போய் முடிகிறது?

அம்பை கியர்பாக்ஸ்
வந்துவிட்டார்! அண்ணாச்சி, படத்தில் என்ன குறை சொல்ல முடியும்? கர்டர் ஃபோர்க், டெரி சீட்டு, அமல் கார்புரேட்டர், முள்ளு துள்ளித் துள்ளி ஏறும் ஸ்மித்ஸ் ஸ்பீடோமீட்டர், 19 இஞ்சு வீல், எல்லாம் அந்தக் காலத்து உருப்படி. தகரம் முதற்கொண்டு பழைய தகரத்தையே தட்டி எடுத்தோம். இத்தனையும் கண்ணில் படவில்லை, உள்ளங்கை அகல யூனிட் மட்டும் பட்டுவிட்டது.

பழைய மேக்னட்டோவில் கண்டென்சர், கம்பி சுற்றிய ஆர்மேச்சருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. சூடானால் போயிற்று. காலையில் ஒரே உதையில் பிடிக்கும், பாபநாசம் போய் ஒரு டீயைக் குடித்துவிட்டு வந்து உதைத்தால் செத்த பாம்பு மாதிரிக் கிடக்கும். ஆறியபிறகுதான் எழுந்திருக்கும். சித்திரை வெயிலில் அது எப்போது ஆறுவது? வைண்டிங்குக்கு ஒரு மோட்டார் கடையில் கொடுத்தேன், தண்ணி மோட்டாருக்குச் சுற்றுகிற மாதிரிச் சுற்றிக் கொடுத்தான், ஸ்பார்க்கே வரவில்லை. பூட்டிவைத்துக் கும்பிடவா வண்டி, ஓட்டத்தானே?

தென்காசி சாரல்
பூட்டிவைத்துக் கும்பிடுகிறவர் பாளையில் ஒருத்தர் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். கிக்கர்.

பாளை கிக்கர்
சாரல் தம்பி, உன்னிடம் இருப்பது மொபெட், நீ சும்மா இரு.

கியர்பாக்ஸ், கண்டென்சர் போனால் கண்டென்சரை மாற்ற வேண்டும். காலில் முள் குத்தினால் காலை வெட்டுவீரா? ஆர்மேச்சரின் வெளிச் சுற்று முடி கனத்துக் கம்பி, ஆயிரக்கணக்கில் சுற்று. தண்ணி மோட்டார் கடையில் கொடுத்தது யார் தப்பு? பழைய ஷெல்லாக் சூட்டில் இளகிப் பிசுபிசுக்கும், அதைச் சுத்தமாக எடுத்து, புது வார்னிஷ் ஏற்றி, காந்தத்தை மறுபடி காந்தம் ஏற்றி, பாயிண்ட் இடைவெளியை 12 தவ்வுக்கு, அதாவது இஞ்சில் ஆயிரத்தில் 12 பங்குக்கு வைத்து, ஸ்லிப் ரிங்கைத் துடைத்தால் இன்னும் ஒரு தலைமுறைக்கு ஓடும். என் வண்டியில் அப்படித்தான் ஓடுகிறது. கோயம்புத்தூரில் வேலை தெரிந்த ஆள் இருக்கிறார். விலாசம் கேட்காதீர், தர மாட்டேன்.

கேள்விக்குப் பதில் வரவில்லை. லீவர் கேபிள் எங்கே முடிகிறது?

பேட்டை விட்வொர்த்
இரண்டு பேரும் எந்த நாள் நிலைமையை ஸ்டாக் என்கிறீர்கள் என்று முதலில் முடிவு பண்ணுங்கள். ஃபேக்டரியை விட்டு வந்த நாளா, பட்டாளத்தில் சேர்த்த நாளா, யுத்தம் முடிந்து டிஸ்போசலில் ஏலம் விட்டு நம்ம ஆட்கள் எடுத்த நாளா? மூன்றும் மூன்று வண்டி. அது தெரியாமல் சண்டை போட்டு என்ன பிரயோஜனம்?

பாளை கிக்கர்
எந்த நாளாக இருந்தால் என்ன, எந்த நாளிலும் அதில் மேக்னட்டோ இருந்தது. கேபிள்?

அம்பை கியர்பாக்ஸ்
கேபிள் இருக்கிறது.

பாளை கிக்கர்
இருக்கிறது என்பது தெரிகிறது ஓய். மறுமுனை?

அம்பை கியர்பாக்ஸ்
உமக்கு எதற்கு மறுமுனை? 2021-இல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிக்கு விதி போட்டிருக்கிறது. 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் பண்ணியிருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், நம்பரில் 'விஏ' என்று வரும். என் வண்டியில் சேஸிஸ் மாறவில்லை, இன்ஜின் மாறவில்லை. சர்க்காரே ஒத்துக்கொள்ளும், பாளையங்கோட்டை ஒத்துக்கொள்ளாதா?

பாளை கிக்கர்
மேக்னட்டோ இன்ஜின் இல்லையா? டைமிங் கவரைக் கழற்றிப் பாரும். கிராங்கில் இருந்து கியர் கியராகப் போய்த்தான் மேக்னட்டோ சுற்றுகிறது, இன்ஜின் இரண்டு சுற்று சுற்றினால் அது ஒரு சுற்று. பல்லோடு பல் கோத்துக்கொண்டிருப்பது இன்ஜின் இல்லை என்றால் பிஸ்டனும் இன்ஜின் இல்லை.

ஸ்டார்ட் பண்ணும் முறை தெரிந்தவர்கள் எத்தனை பேர் இங்கே இருக்கிறீர்கள்? அமல் கார்புரேட்டரில் பெட்ரோலை வழியவிடும் டிக்ளர் பொத்தானை விரல் நனைகிறவரைக்கும் அமுக்க வேண்டும். லீவரை ரிட்டார்டில் இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் கிக்கர் திருப்பி அடித்து முழங்காலைப் பதம் பார்க்கும். எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்து அழுத்தத்தை விடுகிற எக்ஸாஸ்ட் லிஃப்டரைப் பிடித்து, பிஸ்டன் மேலே வந்து ஒரு மயிரிழை தாண்டுகிற இடத்தில் நிறுத்தி, லிஃப்டரை விட்டு, அப்புறம் முழு உடம்பையும் போட்டு ஒரே மிதி. பிடித்தவுடன் லீவரை மெல்ல மெல்ல அட்வான்ஸுக்குக் கொண்டுவரும்போது இன்ஜின் சத்தம் கனத்துக்கொண்டே வரும், அதைக் காதால் கேட்டுத்தான் வைக்க வேண்டும். அந்தச் சுகம் உமது யூனிட்டில் எங்கே இருக்கிறது? அது தானாகவே அட்வான்ஸ் பண்ணிக்கொள்ளும். ஆக அந்த லீவர் சும்மா. அழகுக்கு. கம்மல் போட்டமாதிரி. அதைத்தான் கேட்கிறேன், கேபிள் எங்கே முடிகிறது?

மேலப்பாளையம் நார்ட்டன்
கேபிள் கிடக்கட்டும். 1942 வண்டிக்கு எதற்கு ஆலிவ் பச்சை? 1941 கடைசியில் பிரிட்டிஷ் பட்டாளம் பழுப்புக்கு மாறியது, ஆலிவ் பச்சை வந்தது 1944-இல். பட்டாள வண்டி என்றதும் பெயிண்ட் கடையில் போய் மிலிட்டரி கிரீன் கொடு என்று வாங்கி அடித்துவிடுகிறீர்கள். இன்னொன்று, ஹேண்டில் கிரிப் ரப்பரில் இருக்கிறது. மலாயா ஜப்பான்காரன் கைக்குப் போனபிறகு ரப்பர் தட்டுப்பாடு, கித்தான் துணியில் கிரிப் போட்டு அனுப்பினான், ஃபுட்ரெஸ்டை வெறும் இரும்பில் அனுப்பினான். என் 16ஹெச்-இல் கித்தான் கிரிப் இருக்கிறது, வேண்டுமானால் வந்து பார்த்துக்கொள்ளலாம், தொடக் கூடாது.

அம்பை கியர்பாக்ஸ்
உங்கள் நார்ட்டன் ஓடி யார் பார்த்தார்கள்? கித்தான் கிரிப்பைப் பிடித்துக்கொண்டு ஷெட்டுக்குள் உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் மோட்டார் சைக்கிளா?

மேலப்பாளையம் நார்ட்டன்
போன தைப்பூசத்துக்கு வண்ணாரப்பேட்டை வரை வந்தேன். நீர் பார்க்காவிட்டால் அது என் குற்றம் இல்லை.

டவுண் புல்லட்
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். ஸ்டாக் ஸ்டாக் என்று பிரிட்டனில் இருந்து வந்ததை மட்டும் பேசுகிறீர்கள். 1955-இல் மெட்ராஸில் என்ஃபீல்ட் இந்தியா ஆரம்பித்து, திருவொற்றியூரில் புல்லட் போட்டு, இங்கிலாந்தில் ரெடிட்ச் ஃபேக்டரியை 1967-இல் மூடினபிறகும் நம்ம ஊரில் அதே வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. டேங்க்கில் தங்கக் கோடு கையால் இழுத்தது. நியூட்ரல் ஃபைண்டர் லீவரைக் காலால் ஒரு தட்டு தட்டினால் எந்த கியரில் இருந்தும் நியூட்ரல். இதெல்லாம் கௌரவம் இல்லையா?

பாளை கிக்கர்
முதல் கியரில் இருந்து வராது. அதுகூடத் தெரியாமல் புல்லட் வைத்திருக்கிறீர். உமது புல்லட்டைப் பற்றி யார் கேட்டது? எம்20 ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் போட்டு யுத்தத்துக்கு அனுப்பிய வண்டி. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியை இங்கே கொண்டுவராதீர்.

டவுண் புல்லட்
13 குதிரைசக்தி வண்டிக்கு இவ்வளவு வாய். கொக்கிரகுளம் மேட்டில் டவுண் பஸ் உங்களைத் தாண்டிப் போனதை நானே பார்த்தேன்.

பாளை கிக்கர்
அது பெட்ரோல் கோளாறு. அந்த இன்ஜின் கம்ப்ரெஷன் ஐந்துக்கும் கம்மி, மட்டமான யுத்தகாலப் பெட்ரோலில் ஓடப் பிறந்தது. இன்றைக்கு பங்கில் ஊற்றுகிற இ20-இல் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால், பழைய ரப்பர் ஹோஸை ஊறவைத்துவிடும், டேங்க்குக்குள் தண்ணியைச் சேர்த்துவிடும். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

தென்காசி சாரல்
இப்போதுதான் பேசினீர்கள்.

பேட்டை விட்வொர்த்
பெட்ரோல் பேசுகிற கிக்கர் அண்ணாச்சி, என் ஸ்பானர் செட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசினால் நன்றாக இருக்கும். போன ஐப்பசியில் ஒரு நாள் வேலை என்று வாங்கிக்கொண்டு போனீர்கள். பழைய பிரிட்டிஷ் அளவு விட்வொர்த் ஸ்பானர் என்ன தெருமுனையில் கிடைக்கிறதா? அதில் போட்டிருக்கிற அளவு போல்ட் கம்பியின் அளவு, தலையின் அளவு இல்லை, கால் இஞ்சு ஸ்பானரைக் கால் இஞ்சுத் தலையில் வைத்துப் பார்க்கிற ஊரில் எனக்கு இன்னொரு செட்டு யார் தருவார்? இப்போது நான் மில்லிமீட்டர் ஸ்பானரை வைத்து நட்டு மூலையை எல்லாம் உருட்டிக்கொண்டு இருக்கிறேன்.

பாளை கிக்கர்
உமது செட்டில் மூன்று ஸ்பானர் வாய் விரிந்திருந்தது. அதைச் சரிபண்ணித் தருவதற்காகத்தான் வைத்திருக்கிறேன். நன்றி கெட்ட உலகம்.

பேட்டை விட்வொர்த்
நான் கொடுக்கும்போது விரியவில்லை.

அம்பை கியர்பாக்ஸ்
பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் ஸ்பானரில் போல்ட்டு முறுக்கியவர் எனக்கு ஸ்டாக் பாடம் எடுக்கிறார்.

பாளை கிக்கர்
ஸ்பானர் யாருடையது என்பதற்கும் மேக்னட்டோவுக்கும் என்ன சம்பந்தம்? பேச்சை மாற்றுவதில் கெட்டிக்காரர். முதலில் மேக்னட்டோ இல்லை என்று சொன்னேன், வெயில் என்றார். வெயிலுக்குப் பதில் சொன்னேன், சர்க்கார் என்றார். சர்க்காருக்கும் பதில் சொன்னேன், ஸ்பானர் என்கிறார். நான் கேட்டது ஒன்றே ஒன்று, இவ்வளவு எழுதியும் இதுவரை வராத பதில். அந்த லீவரின் கேபிள் எங்கே முடிகிறது?

அம்பை கியர்பாக்ஸ்
டேங்க்குக்கு அடியில் கட்டி வைத்திருக்கிறேன்! போதுமா? சிப் டை போட்டுக் கட்டியிருக்கிறேன்! அதனால் வண்டி ஓடவில்லையா?

பாளை கிக்கர்
சிப் டை. 1942-இல் பர்மிங்காமில் பிளாஸ்டிக் சிப் டை. எல்லோரும் படித்துக்கொள்ளுங்கள்.

மேலப்பாளையம் நார்ட்டன்
பச்சை சிப் டையா, பழுப்பா?

அம்பை கியர்பாக்ஸ்
சரி, வாய்ப்பேச்சு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உச்சி வெயிலில் பாளை மார்க்கெட்டில் இருந்து கிளம்புவோம். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி வழியாக பாபநாசம். அங்கே வண்டியை அணைத்து டீ குடிப்போம். டீ முடிந்ததும் யார் வண்டி முதல் மிதியில் பிடிக்கிறது என்று பார்ப்போம். உமது மேக்னட்டோவும் வரட்டும், என் சிப் டையும் வரட்டும்.

பாளை கிக்கர்
உச்சி வெயில் எதற்கு? காலையில் ஆறு மணிக்குக் கிளம்பலாமே.

தென்காசி சாரல்
ஆகா.

பாளை கிக்கர்
ஆகா என்ன ஆகா. வெயிலுக்குப் பயந்து சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் விருந்தாள் வருகிறார்கள். வேண்டுமானால் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம்.

மேலப்பாளையம் நார்ட்டன்
சாயங்காலம் என்றால் திரும்பி வர இருட்டிவிடும், நான் வர முடியாது. என்னுடையது 6 வோல்ட் ஹெட்லைட்டு, எதிரே மாடு படுத்திருந்தால் கொம்பு கையில் பட்டபிறகுதான் தெரியும்.

பாளை கிக்கர்
நார்ட்டன், நல்லவேளை நீரே எடுத்தீர். உமது டைனமோ ரெகுலேட்டர் டப்பாவுக்குள் பழைய பாயிண்டு ரெகுலேட்டரைத் தூக்கிவிட்டு எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். இருக்கிறதா, இல்லையா? அதற்கு முதலில் பதில் சொல்லும்.