நாடகச் சங்க நிர்வாகத்தில் இருந்தவர்களே, உங்களை இன்னும் உறுத்தும் ஒரு சம்பவம் எது?

கும்பகோணம், பொருளாளர்:

வங்கியில் வேலை பார்த்தவன் என்ற ஒரே தகுதிக்காக என்னைப் பொருளாளராக்கினார்கள். சங்க நிர்வாகம் எப்படி நடக்கும் என்பது இங்கிருப்பவர்களுக்குத் தெரியும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். மாசித் திருவிழா நாடகத்துக்கு ஒருவர் நன்கொடையாகக் கொடுத்த செக், நாடகத்துக்கு முதல் நாள் திரும்பி வந்துவிட்டது. அன்றிரவே கூடிப் பேசி, நடிகர்களுக்குப் பேசிய தொகையில் கால் பங்கைக் குறைப்பதென்று தீர்மானித்தோம். அதை அவர்கள் மேடையேறுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

விடியற்காலையில் மேடைக்குப் பின்னால், தகரப் பெட்டியின் மேல் வவுச்சர்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பபூன் வேடம் கட்டியவர், தேங்காயெண்ணெய் தொட்டுப் பாதி முகத்து அரிதாரத்தை மட்டும் துடைத்த நிலையில் வந்து நின்றார். பேசியது 6,000 ரூபாய். நான் எடுத்து வைத்தது 4,500. அவர் பணத்தை எண்ணவில்லை. வவுச்சரில் கையெழுத்துப் போடும் இடத்தைப் பார்த்துவிட்டு, "ஸ்டாம்ப் ஒட்டலீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். 5,000 ரூபாயைத் தாண்டினால்தான் ரெவின்யூ ஸ்டாம்ப் வேண்டும் என்பது இத்தனை வருடம் கையெழுத்துப் போட்டவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்டார். அவருடைய கட்டைவிரல் பட்ட இடத்தில் சிவப்பாக எண்ணெய்க் கறை படிந்துவிட்டது. தணிக்கைக்கு வந்த ஆடிட்டர், "குங்குமமா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

திருத்துறைப்பூண்டி, முன்னாள் செயலாளர்:

எங்களுடைய சீன் படுதாக்கள் ஓடு சரிந்த ஒரு கொட்டகையில் கிடந்தன. கூரையை மாற்றும் விஷயம் மூன்று கூட்டங்களில் வந்தது. மூன்று முறையும் "அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது" என்று நானே மினிட் புத்தகத்தில் எழுதினேன். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தது. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தபோது, தர்பார் படுதா விழுந்து கிடந்த தென்னையின் மேல் ஈரத்துணியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தூண்களின் நீலமும் சிம்மாசனத்தின் மஞ்சளும் கரைந்து கலந்து, கீழே தேங்கியிருந்த குட்டை பச்சையாகத் தெரிந்தது. ஊரே தோப்பை இழந்து நின்ற நேரத்தில் படுதாவுக்காக வருத்தப்படுவதை யாரிடம் சொல்வது? அடுத்த பொதுக்குழுவில் பழைய மினிட்டை எழுந்து வாசிக்க வேண்டியவனும் நான்தான்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற கணக்காளர்:

பொருளாளர் எழுதியதோடு நான் உடன்படவில்லை. செக் கொடுத்தவர் மீது பழியைப் போட்டுக் கதை தொடங்குகிறது. ஆனால் கைக்கு வராத பணத்தை வரவாக எண்ணி நாடகத்துக்கு நாள் குறித்தது குழுதான். நானும் ஒரு சபாவின் நிர்வாகத்தில் இருந்து, நடக்காத கூட்டத்துக்குக் கையெழுத்துக் கேட்ட அன்று விலகியவன், அது கிடக்கட்டும்.

புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் வழக்குப் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பிரிவு சட்டப்படி வசூலிக்கக்கூடிய கடனுக்கோ பொறுப்புக்கோ கொடுத்த செக்குக்குத்தான் பொருந்தும், மனமுவந்து கொடுத்த நன்கொடைக்குப் பொருந்தாது. ஆகவே, பணம் கணக்கில் ஏறிய பிறகே நடிகருக்குத் தொகை பேசுங்கள், அல்லது பேசிய தொகைக்கு ஈடாக ஒரு வைப்பு வைத்திருங்கள். நன்கொடைக்கு வரிச்சலுகை தரும் அங்கீகாரம் (80ஜி) பெற்ற சங்கமாக இருந்தாலும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைக்காது. அதை ரசீது எழுதும்போதே சொல்லிவிடுங்கள், பிறகு சண்டை வரும். 1975ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டப்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டைத் தாண்டக்கூடாது என்பதை, ஒரே தலைவரைப் பத்து வருடமாகத் தேர்தலில்லாமல் வைத்திருக்கும் ஊர்கள் கவனிக்க வேண்டும். கூரை விஷயத்தில் செயலாளர் செய்திருக்க வேண்டியது, ஒத்திவைப்பை எழுதும்போது யார் ஒத்திவைக்கச் சொன்னார் என்பதையும் எழுதியிருப்பது.

கும்பகோணம், பொருளாளர்:

ஐயா, நான் செக் கொடுத்தவரைக் குறை சொல்லவே இல்லை. குறைத்துக் கொடுத்த கை என்னுடையது என்றுதான் எழுதினேன். மீதி 1,500 ரூபாயைப் பங்குனியில் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். மறு வருடம் கூப்பிட்டபோது, வேறு ஊரில் தேதி கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

ஒரத்தநாடு பக்கம், குழு உறுப்பினர்:

கணக்காளர் சொன்ன சட்டங்கள் எங்களுக்கும் உதவும், நன்றி. என் விஷயம் எந்தச் சட்டத்திலும் வராது. எங்கள் ஊர் இரணிய நாடகத்தில் நரசிம்மம் கட்டுபவர் விரதமிருந்துதான் அந்த முகத்தை, அதாவது முகமூடியை, தொடுவார். இருபது வருடங்களுக்கு மேலாகக் கட்டிவந்தவருக்குச் சர்க்கரை அதிகமாகி, முந்தைய வருடம் மேடையிலேயே மயங்கி விழுந்தார். இந்த வருடம் அவருடைய தம்பி மகன் கட்டட்டும் என்று குழுவில் முடிவானது. அதைப் போய்ச் சொல்வதற்கு, குழுவில் ஒரே பெண் என்பதால், என்னை அனுப்பினார்கள். பெண் சொன்னால் கோபப்பட மாட்டார் என்பது அவர்கள் கணக்கு.

அவர் எனக்குப் பெரியப்பா முறை. திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "வாம்மா" என்றார். விரதத்தை அன்று காலையிலேயே தொடங்கிவிட்டார் என்பது எனக்குத் தெரியாது. டாக்டர் சொன்னதையும், குழு சொன்னதையும், முகத்துக்கு நடக்கும் பூஜையில் அவருக்குத்தான் முதல் மரியாதை என்பதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. உள்ளே திரும்பி, "காபி கொண்டா" என்றார். பெரியம்மா வாசற்படிவரை வந்து, "இன்னிக்கா?" என்று கேட்டுவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். டம்ளர் வந்தது. என் எதிரிலேயே, ஆற்றாமல், சூடாக, ஒரு சொட்டு மீதியில்லாமல் குடித்தார்.