தனியாகப் பயிற்சி செய்து கூடைப்பந்துத் திறனை வளர்ப்பது எப்படி?

திருநகர்வாசி:
வணக்கம். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் இந்த ஆண்டுதான் பள்ளிக் கூடைப்பந்து அணியில் சேர்ந்தாள். வாரத்தில் இரண்டு மாலைகளே ஆட்டம். அதுவும் அணி பிரித்து ஆடுவதிலேயே நேரம் போய்விடுவதால், தனித்திறனை வளர்த்துக்கொள்ள வாய்ப்பு அமைவதில்லை. காலையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு அழைத்துச் செல்ல நான் தயார். மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து எறியவே அவளுக்கு ஆசை, ஆனால் பந்து வளையம் வரை எட்டுவதில்லை. இடது கையால் பந்தைத் தட்டிச் செல்லவும் வரவில்லை. எதிலிருந்து தொடங்குவது?

பழைய பி.டி. ஆசிரியர்:
முதலில் பந்தைப் பாருங்கள், ஐயா. பெண்கள் ஆட வேண்டியது 6-ஆம் எண் பந்து. எடை 510 முதல் 550 கிராம். 7-ஆம் எண் பந்து அதைவிடப் பெரியது, கனமும் கூடுதல். இருக்கிற பந்தை வைத்தே எல்லோரும் ஆடும் பள்ளிகளில், கனத்தை எட்ட வைப்பதற்காகப் பிள்ளைகள் இரண்டு கைகளாலும் இடுப்பிலிருந்து தள்ளப் பழகிவிடுகிறார்கள். அந்தப் பழக்கம் ஊறிய பிறகு மாற்றுவது பெரும்பாடு.

6.75 மீட்டர் தூரத்து மூன்று புள்ளிக் கோட்டை இப்போதைக்கு விட்டுவிடட்டும். வளையத்துக்கு இரண்டடி முன்னால் நின்று, ஒரே கையால் மட்டும் போடச் சொல்லுங்கள். பந்து விரல்களில் தங்க வேண்டும், உள்ளங்கையில் ஒட்டக் கூடாது. முழங்கை வளையத்துக்கு நேராக இருக்க வேண்டும். விட்ட பிறகு மணிக்கட்டு மடிந்து, கை சற்று நேரம் மேலேயே நிற்க வேண்டும். பந்து பின்னோக்கிச் சுழன்றபடி போனால் விரல்கள் சரியாக வேலை செய்கின்றன என்று பொருள்.

உயரமாக எறியச் சொல்வதற்கும் காரணம் உண்டு. வளையத்தின் உள்விட்டம் 45 செ.மீ., அவளுடைய பந்தின் விட்டம் ஏறத்தாழ 23 செ.மீ. தரைமட்டத்துக்குச் சுமார் 31 பாகைக்கும் குறைவான சாய்வில் தட்டையாக வரும் பந்துக்கு, வளையத்தை உரசாமல் நுழைய இடமே கிடையாது. செங்குத்தாக இறங்க இறங்கத்தான் வழி அகலும்.

வண்டியூர் ஆட்டக்காரி:
ஆசிரியர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். இடது கைக்கு என் யோசனை இது. வலது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முழங்காலை மடக்கித் தாழ்வாக நின்று தட்டட்டும். நீங்கள் எதிரில் நின்று விரல்களைக் காட்டுங்கள், அவள் பந்தைப் பார்க்காமல் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். தலை நிமிராமல் பந்தைத் தட்டிச் செல்வது ஆட்டத்தில் உதவாது. மொட்டை மாடியில் செய்வதென்றால் கீழ்வீட்டாரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூடவே, 1940-களில் அமெரிக்காவின் டீபால் பல்கலைக்கழகத்தில் ரே மேயர் என்ற பயிற்றுநர் ஜார்ஜ் மைக்கன் என்ற ஆட்டக்காரருக்குக் கொடுத்த பயிற்சியையும் சேர்க்கலாம். வளையத்தின் அடியில் நின்று, வலப்பக்கம் வலது கையாலும் இடப்பக்கம் இடது கையாலும் வளையத்தின் பின்னுள்ள போர்டில் பட்டு விழும்படி மாறி மாறிப் போட்டு, பந்து தரையைத் தொடுமுன் பிடித்துவிட வேண்டும். இதில், ஓடிவந்து வளையத்தருகே எழும்பிப் போடும் லே-அப்புக்குக் காலடியும் பழகிவிடும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். சித்திரையில் சிமென்ட் தரை எட்டு மணிக்கே அனல் அடிக்கும்.

திருநகர்வாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. பார்த்தேன், அவள் ஆடுவது 7-ஆம் எண் பந்துதான், இன்றே மாற்றுகிறேன். எப்போது பின்னால் நகர்ந்து எறியலாம்?

பழைய பி.டி. ஆசிரியர்:
முழங்கையும் மணிக்கட்டும் குலையாமல், பந்து தொடர்ந்து விழத் தொடங்கிய பிறகு ஓரடி பின்னால் வரட்டும். குலைந்தால் தயங்காமல் முன்னே வரச் சொல்லுங்கள். எதிரணி தவறு செய்தால் தடுப்பாரின்றி எறியக் கிடைக்கும் வாய்ப்புதான் ஃப்ரீ த்ரோ. அதற்கான கோடு போர்டிலிருந்து 4.6 மீட்டர்; அதை எட்டியதும், ஓடிக் களைத்த நிலையிலும் அங்கிருந்து எறிந்து பழகட்டும், ஏனெனில் ஆட்டத்தில் அந்த வாய்ப்பு பெரும்பாலும் மூச்சிரைக்கும்போதுதான் வரும். பள்ளியில் அவளுடைய பி.டி. ஆசிரியரிடமும் இந்த மாற்றங்களைச் சொல்லிவிடுங்கள். இரண்டு இடத்தில் இரண்டு விதமாகத் திருத்தினால் பிள்ளை குழம்பிவிடுவாள்.